ரெண்டு பக்க விண்ணப்பம், ஒரு கல்லு

ஏ அம்முணி, அந்தப் போனைச் சித்தெ கீழ வெய்யி. கோழி கூவறதுக்கு முந்தி எடுத்தே, இப்பப் பொழுது உச்சிக்கு வந்திருச்சு. கேட்டா, "அறிவிப்பு ஏதாச்சும் வந்திருக்கான்னு பாக்கறேன் அப்புச்சி"ங்கறே. உங்கம்மா காலேசு முடிச்ச புதுசுல தபால்காரனுக்காக இட்டேரில நின்னு காத்துக் கெடப்பா. அவனாவது நாளைக்கு ஒருக்கா வந்து இல்லைன்னு சொல்லீட்டுப் போயிருவான். உன்ற தபால்காரன் மடியிலயே உக்காந்துக்கிட்டு நிமிசத்துக்கு ஒருக்கா இல்லைங்கறான்.

நான் குத்தம் சொல்லலை கண்ணு. மண்ணியல் படிச்சே, எம்.எஸ்சி. முடிச்சே, இனிக் கிரகத்து மண்ணைப் படிக்கப் போறேங்கறே. பேஷாப் படி. ஊருக்குள்ள மட்டும் கிரகம்னு வாயெடுத்துச் சொல்லீறாதே. போன வாரம் மேக்கால ஊட்டு ஆத்தா, பேத்தி என்ன பண்றான்னு கேட்டுச்சு. கிரக ஆராய்ச்சின்னேன். சாயங்காலமே பேரன் சாதகத்தைத் தூக்கீட்டு வந்து நிக்குது. செவ்வாய் எந்தக் கட்டத்துல இருக்குதுன்னு நீ பாத்துச் சொல்லோணுமாம்.

நம்ம சோசியரும் லேசுப்பட்ட ஆளில்லை. 2006ல உங்களவிய கூடி உக்காந்து, கை தூக்கி ஓட்டுப் போட்டு, புளூட்டோவைக் கிரகப் பட்டியல்ல இருந்து தள்ளி வெச்சாங்கல்ல? சோசியர் கட்டத்துல புளூட்டோ இருந்ததே இல்லை. அதனால அவருக்குச் சல்லிக்காசு நட்டமில்லை. ராகு கேதுவுக்கு ராக்கெட் உடறேன்னு இதுவரைக்கும் எந்த நாட்டுக்காரனும் கெளம்பாததும் அவருக்கு ஒரு சௌகரியம்.

சரி, அறிவிப்புக்கு வாரேன். நீ படிச்சுக் காட்டிக் காட்டி எனக்கும் பாதி மனப்பாடம் ஆகிப் போச்சு. அமெரிக்காவுல நாசா, வருசா வருசம் ஆராய்ச்சிக்குப் பணம் தாரேன்னு ஒரு பெரிய பட்டியல் போடுது. அதுக்குப் பேரு ரோசஸ். வழக்கமா அது வெளிய வார நாளு பிப்ரவரி 14. காதலர் தினத்துக்கு ரோசாப்பூ, வெவரமான ஆளுகதான். 2025ல பூ பிப்ரவரில பூக்கலை, சூலையிலதான் வந்துச்சு. அஞ்சு மாசம் அத்தனை ஆராய்ச்சிக்காரனும் உன்னைய மாதிரியே போனை வழிச்சுக்கிட்டு உக்காந்திருப்பான்.

நீ துள்ளிக் குதிக்கறதுக்கு முந்தி உள்ள இருக்கற சட்டத்தையும் படி. வெளிநாட்டு ஆளுக கூடச் சேந்து வேலை செய்யலாம், நாசா காசுல கை வெக்கக் கூடாது. செலவை அவிய அவிய நாடு பாத்துக்கோணும். அதாவது கண்ணாலத்துக்கு வா, காய் நறுக்கு, எலை எடு, உன்ற சோத்தை மட்டும் ஊட்டுல இருந்து தூக்குப் போசில கொண்டாந்துரு. அதுக்கும் சந்தோசமாப் போறவிய இருக்கறாங்க. போகாதேன்னு நான் சொல்லலை. பசியோட போகாதேங்கறேன்.

அதுல ரெண்டு சட்டம் எனக்கு நெம்பப் புடிச்சுது. பல திட்டத்துல விண்ணப்பத்துல பேரே போடக் கூடாதாம். எந்த ஊரு, எந்தக் காலேசு, எந்த வாத்தியார்கிட்டப் படிச்சேன்னு ஒரு வாடை அடிக்கக் கூடாதாம். எழுதுனது ஆருன்னு படிக்கறவிய்களுக்குத் தெரியாது, படிக்கறது ஆருன்னு எழுதுனவனுக்குத் தெரியாது. இந்தச் சட்டம் மாட்டுக்கடன் குடுக்கற எடத்துக்கு வந்திருந்தா, எனக்குத் தெரிஞ்ச பல மச்சானுகளுக்கு ஒரு கன்னுக்குட்டிகூடக் கெடைச்சிருக்காது.

இன்னொண்ணு, 2021ல இருந்து கிரக ஆராய்ச்சித் திட்டத்துல சிலதுக்குக் கெடு தேதியையே எடுத்துட்டாங்களாம். எப்ப ரோசனை வருதோ அப்பக் குடுன்னுட்டாங்க. நல்ல மனசுதான். ஆனாக் கெடு இல்லாம நம்மூட்டுல என்ன நடந்திருக்குது சொல்லு. கட்டுத்தாரைக்கு ஓடு மாத்தறேன்னு உன்ற மாமன் சொல்லிப் பதினோரு வருசமாச்சு. அதுக்கும் கெடு இல்லை.

நம்ம நாட்டுச் சங்கதி வேற. கேட் பரீட்சை எழுது, நெட் பரீட்சை எழுது, அகமதாபாத்துல விக்ரம் சாராபாய் 1947ல தொடங்குன பி.ஆர்.எல்.லுக்குப் போ, இல்லாட்டித் திருவனந்தபுரத்துல ஐ.ஐ.எஸ்.டி.க்குப் போ. உள்ள போயிட்டா உதவித்தொகை மாசம் 37,000 ரூபாய். ரெண்டு சிந்து மாடு வெச்சிருக்கறவன் அதைக் கேட்டா மூக்கைச் சொறிவான், அவனை உடு. மாட்டுக்கு மடி வத்தும், உனக்கு அஞ்சு வருசத்துக்கு வத்தாது. 2024 செப்டம்பர்ல மந்திரிசபை வெள்ளிக் கிரகத்துக்கு 1,236 கோடியும் சந்திரயான்-4க்கு 2,104 கோடியும் ஒதுக்குச்சு. இந்த நாலாவது, நிலாவுல எறங்கி மண்ணை அள்ளிக்கிட்டுத் திரும்பி வாரதுக்காம்.

அங்க இருந்து மண்ணு வாரது இருக்கட்டும். இங்க இருந்து மண்ணு போன கதையை நீ ஒருக்காலும் வாய் தொறந்து சொன்னதில்லையே? காலுக்குக் கீழ கெடக்கறது கண்ணுக்குத் தெரியாது, டெக்சாசு கான்பரன்சு மட்டும் பளிச்சுனு தெரியுது.

நம்ம காட்டுல கெடக்கற இந்த வெள்ளைக் கல்லை நானும் எங்கப்பனும் சபிக்காத நாளில்லை. ஏரோட்டுனாக் கொழு மழுங்கும். மம்முட்டி வெச்சா நெருப்புப் பறக்கும். கடலைக்காய் போட்டா ஓட்டுக்குள்ள பருப்பு இருக்காது. மழை பெஞ்சா மண்ணு போயிரும், கல்லு மட்டும் பொண்ணு ஊட்டு ஒறம்பரையாட்ட அசையாம உக்காந்திருக்கும். பொறுக்கிப் பொறுக்கி வேலியோரம் குமிச்சே என்ற முதுகு கூனிப் போச்சு. நீ படிக்கப் போயித்தான் அதுக்கு அனார்தோசைட்டுன்னு பேரு இருக்கறதே எனக்குத் தெரிஞ்சுது. சித்தம்பூண்டி, குன்னமலைன்னு இந்தச் சுத்துவட்டாரத்துல கெடக்கற இந்தக் கல்லுக்கு வயசு 250 கோடி வருசத்துக்குக் கிட்டன்னு நீதான் சொன்னே. 250 கோடி வருசமா அது ஒரு காசு சம்பாதிக்கலை அம்முணி. என்ற தம்பி அளவுக்குக்கூட இல்லை.

அப்பறம் சந்திரயான் லேண்டரை இங்கயே சோதிச்சுப் பாக்க இஸ்ரோவுக்கு நிலா மாதிரி மண்ணு தேவைப்பட்டுது. நிலாவுல கறுப்பாத் தெரியறது எரிமலைக் கொழம்பு ஒறஞ்ச பள்ளம். வெள்ளையாத் தெரியறது மேட்டாங்காடு. நிலா பொறந்த புதுசுல மேலெல்லாம் உருகுன கொழம்பா இருந்துதாம். எடை கம்மியான படிகம், காச்சுன பால்மேல ஆடை கட்டற மாதிரி மெதந்து ஒறஞ்சு அந்த மேட்டாங்காடு ஆச்சாம். அந்த ஆடையும் நம்ம வேலியோரக் குமியும் ஒரே சாதி. பொறந்த வழி வேற, சாதகம் ஒண்ணு. லேண்டர் எறங்கப் போறதோ தெக்கு மொனையோரத்து மேட்டாங்காடு. எறங்கற காலும் ரோவர் சக்கரமும் அந்த மண்ணுல என்ன பாடு படும்னு இங்கயே பாத்துக்க வேண்டாமா?

வெளிய வாங்கலாம்னு வெசாரிச்சா அமெரிக்காவுல கிலோ 150 டாலர். தேவையோ 60, 70 டன்னு. இந்தக் கணக்கைச் சொன்னது ஆரோ எவரோ இல்லை, பொள்ளாச்சிப் பக்கம் கோதவாடிக்காரரு, மயில்சாமி அண்ணாதுரை. அந்த நேரத்துலதான் சேலம் பெரியார் பல்கலைக்கழகத்து மண்ணியல்காரங்க நம்ம பக்கத்துக் கல்லைக் கை காட்டுனாங்க. இங்க இருந்து கல்லு போயிச் சேலத்துல அரைபட்டு, பெங்களூருக்கு லாரில ஏறுச்சு. இதுக்குன்னு 25 கோடி எடுத்து வெச்சிருந்தாங்களாம். ஒடைச்சவிய, ஏத்திக்கிட்டுப் போனவியெல்லாம் கூலி வேண்டாம்னு சொல்லீட்டதால அந்தக் காசு மிச்சம். பெங்களூருல ஒரு கூடத்துல மண்ணைக் கொட்டி, நிலாவுல உழுகற மாதிரி வெளிச்சம் போட்டு, எடை கம்மியாத் தெரியறதுக்கு ரோவரை ஹீலியம் பலூன்ல கட்டித் தூக்கி நடக்க உட்டுப் பாத்தாங்க. இந்த மண்ணைச் செய்யற முறைக்கு 2020ல இஸ்ரோவுக்குக் காப்புரிமையும் வந்துருச்சு.

அந்த 150 டாலர் சேதி காதுல உழுந்த அன்னைக்கு ராத்திரி நான் பொட்டுத் தூக்கம் தூங்கலை. அன்னைக்கு ரேட்டுக்குக் கிலோ பத்தாயிரம் ரூபாய். வேலியோரக் குமி எப்படியும் 40 டன்னு தேறும். வெரல் விட்டு எண்ணிப் பாத்தேன், 40 கோடி! விடியக் கருக்கல்ல எந்திரிச்சு வேலிக்குப் படல் கட்டுனேன், எவனாச்சும் திருடிட்டுப் போயிருவான்னு. மூணு மாசம் காவல் காத்தேன். லாரி எல்லாம் வேற காட்டுக்குப் போயி, வேற கல்லை ஏத்திக்கிட்டு, என்ற படலுக்கு முன்னால புழுதியைக் கெளப்பீட்டுப் போச்சு. அப்பத்தான் தெரிஞ்சுது, சாமி, வாய்ப்புங்கறது நம்ம ஊட்டு வழியாத்தான் போகும், நம்ம ஊட்டுல நிக்கோணும்னு ஒண்ணும் எழுதலை.

2019 செப்டம்பர் 7, விடியறதுக்கு முந்தி விக்ரம் லேண்டர் நிலாவுல மோதி நொறுங்குச்சு. நம்ம மண்ணு மேல குத்தம் சொல்லுவாங்களோன்னு எனக்கு ஒரு பக்கம் பயம். நல்ல வேளை, கோளாறு எறங்கறப்ப வேகத்தைக் கொறைக்கற கட்டத்துலன்னு சொல்லீட்டாங்க. 2023 ஆகஸ்ட் 23 சாயங்காலம் ஆறு மணி நாலு நிமிசத்துக்கு சந்திரயான்-3 எறங்குனப்ப, விழுப்புரத்து வீரமுத்துவேல் முன்ன நின்னு நடத்துனாருன்னு டிவில காட்டுனாங்க. ஊரே கை தட்டுச்சு. நான் வேலியோரம் போயிக் கல்லைத் தட்டிக் குடுத்துட்டு வந்தேன்.

இப்பக் கேளு, அந்த மொத லேண்டர் நொறுங்குன எடத்தைக் கண்டுபுடிச்சது ஆரு? கோடி கோடியாச் செலவு பண்றவிய எல்லாம் தேடிக்கிட்டிருந்தாங்க. நாசாவோட சுத்துகலன் எடுத்த படத்தை ஊரறியப் போட்டாங்க. சென்னைல சண்முக சுப்பிரமணியன்னு ஒரு கம்ப்யூட்டர் வேலைக்காரப் பையன், மதுரைக்காரன், வேலை முடிஞ்சு ஊட்டுக்கு வந்து, பழைய படம் ஒண்ணு, புதுப் படம் ஒண்ணு, ரெண்டு லேப்டாப்புல பக்கத்துல பக்கத்துல வெச்சுக்கிட்டு ராத்திரி ராத்திரியாப் புள்ளி புள்ளியா ஒத்துப் பாத்தான். முன்ன இல்லாத ஒரு புள்ளி, புதுசா. எழுதிப் போட்டான். அவிய மறுபடியும் படம் எடுத்துப் பாத்து, ஆமாப்பா நீ சொல்றது சரின்னு 2019 டிசம்பர் 2ல அறிவிச்சாங்க. மோதுன எடத்துல இருந்து முக்காக் கிலோமீட்டர் தள்ளி விழுந்து கெடந்த துண்டு அது. அவனுக்கு எந்த அறிவிப்பு வந்துச்சு? எந்த உதவித்தொகை? அந்தப் படம் உன்ற போன்லயும்தான் தெறக்கும். நீ தெறக்கறது என்னமோ மெயிலைத்தான்.

நாசா படம் மட்டுமில்லை. சந்திரயான்-3 அனுப்புன கணக்கு வழக்கெல்லாம் 2024 ஆகஸ்ட் 23ல இஸ்ரோவே பொதுவுல வெச்சிருச்சுன்னு நீயே சொன்னே. காசில்லாம அள்ளிக்கலாமாம். நம்ம சனம் இருக்குதே, ரேசன் கடைல சும்மா குடுத்தா வரிசைல நிக்கும், இங்க சும்மா குடுக்கறாங்க, வரிசையே இல்லை. அதனாலதான் ஒருத்தனும் மதிக்க மாட்டேங்கறான் போல. கூப்பனும் தள்ளுமுள்ளும் வெச்சிருந்தா நீயும் ஓடியிருப்பே.

மண்ணை எறங்கித் தொட்ட கதைல எனக்கு நெம்பப் புடிச்சது அந்தத் துரப்பணக் கதைதான். இன்சைட்டுன்னு ஒரு கலன் 2018 நவம்பர்ல செவ்வாய்ல எறங்குச்சு. செர்மன்காரங்க செஞ்ச ஆணி மாதிரி ஒரு கருவி அதுல. தன்னைத்தானே சுத்தியல்ல அடிச்சுக்கிட்டு அஞ்சு மீட்டர் எறங்கி, உள்ள எத்தனை சூடுன்னு பாக்கோணும். மொத நாளு அடிச்சுது, கொஞ்சம் எறங்குச்சு, நின்னு போச்சு. அந்த மண்ணு மேல காறை கட்டிக் கெடந்துது, ஆணியைச் சுத்திக் கெட்டியாப் புடிக்கலை. புடிமானம் இல்லாத குழில சுத்தியல் அடிச்சா என்ன ஆகும்? எறங்கற அளவுக்கு எகிறும். கையில இருந்த கரண்டியால பக்கவாட்டுல அமுக்குனாங்க, தலைல அழுத்துனாங்க, ரெண்டு வருசம் மல்லுக்கட்டுனாங்க. 2021 சனவரில கும்புட்டுப் போட்டு உட்டுட்டாங்க. ஆணியோட தலை மண்ணுக்குள்ள மறைஞ்சதே ரெண்டு மூணு சென்டிமீட்டர்தான்.

திருச்செங்கோட்டுப் போர்வண்டிக்காரன் ஒருத்தனை அன்னைக்குக் கேட்டிருந்தா, மேமண்ணு உதிர்ந்தா மொதல்ல கேசிங் எறக்குங்கன்னு பீடியை எடுக்காமயே சொல்லியிருப்பான். சிரிக்காதே. நாடு நாடாப் போயி ஆயிரம் அடி எறக்கறவன் அவன். ஆனா செவ்வாய்க்கு வண்டி போகாது, டீசலும் கெடைக்காதுங்கறது வேற வெசயம்.

நம்மவிய என்ன பண்ணுனாங்க? சந்திரயான்-3ல சேஸ்ட்டுன்னு ஒரு வெப்பமானிக் குச்சி. அதைச் சுத்தியல்ல அடிக்கலை. மோட்டார் வெச்சு மெல்ல மெல்ல, ஊசி போடற நர்சம்மா மாதிரி பத்து சென்டிமீட்டர் எறக்குனாங்க. நிலாவோட தெக்குப் பக்கத்து மண்ணுக்குள்ள சூடு பாத்தது அதுதான் மொத தடவை. மேல கொதிக்குது, ஒரு சாண் எறங்கறதுக்குள்ள பனியாக் குளுருது. அதுவும் குச்சி எறங்குன எடம் சூரியனைப் பாத்து லேசாச் சாஞ்ச சரிவு. அங்க 82 டிகிரி. ஒரு மீட்டர் தள்ளிச் சமதரைல 60க்குப் பக்கம்தான். மேக்கால காட்டுக்கும் கெழக்கால காட்டுக்கும் ஈரம் காயற கணக்கு வேறன்னு உங்க பாட்டன் காலத்துல இருந்து சொல்றோம். ஒருத்தனும் எங்ககிட்டக் கட்டுரை கேக்கலை.

ஆனா உங்க சனத்துக்கிட்ட ஒரு நல்ல கொணம் இருக்குது. அந்த ஆணி தோத்த கதையையும் மண்ணு எப்படி, உராய்வு எத்தனைன்னு பக்கம் பக்கமா எழுதி வெளியிட்டாங்க. நம்மூருல போர் போட்டுத் தண்ணி வரலைன்னா ராத்திரியோட ராத்திரி பைப்பை மூடி, மேல செடி நட்டுருவோம். அதே எடத்துல அடுத்த தலைமுறை மறுபடியும் போர் போடும்.

பொறுமையும் அவிய்களுக்கு எச்சு. அப்பல்லோ-17, 1972 டிசம்பர்ல கொண்டாந்த நிலா மண்ணுக் குழாய் ஒண்ணை முத்திரை கூட ஒடைக்காம வெச்சிருந்து, 2022 மார்ச்சுலதான் தொறந்தாங்க. நல்ல கருவி வரட்டும், இன்னும் பொறக்காத புள்ளைக வந்து பாக்கட்டும்னு. விதை நெல்லைக் குதிர்ல வெச்ச மாதிரி. நம்மூட்டுல தீவாளிக்குச் சுட்ட முறுக்கு அமாவாசை தாண்டாது. பென்னுங்கற சிறுகோள்ல இருந்து 2023 செப்டம்பர்ல மண்ணு வந்துச்சே, அந்த டப்பாவுக்கு 35 திருகு. 33 வந்துச்சு, ரெண்டு வரலை. ரெண்டுக்குன்னே புதுசாக் கருவி செஞ்சு, 2024 சனவரிலதான் தொறந்தாங்க. உள்ள இருந்தது மொத்தமா 121 கிராம் சொச்சம். உங்க அம்முச்சி ஊறுகாய்ச் சாடி மூடி வரலைன்னா அம்மிக்கல்லைத் தேடுவா.

இனி ஒண்ணு இருக்குது, யுரேனசு. 1986ல வாயேஜர்-2 ஒருக்கா எட்டிப் பாத்துட்டுப் போனதோட சரி. 2022ல அமெரிக்க ஆராய்ச்சிக்காரங்க பத்து வருசத் திட்டம் எழுதறப்ப, அடுத்த பெரிய பயணம் அங்கதான்னு மொத எடத்துல வெச்சாங்க. இன்னும் செய்யத் தொடங்கலை. செஞ்சு உட்டாலும் போய்ச் சேர பத்து வருசத்துக்கு மேலாகும். அதை எழுதுனவிய்கள்ல பாதிப் பேருக்கு இப்பவே தலை வெளுத்திருக்கும். பனை வெச்சவன் பாத்துட்டுச் சாவான், தென்னை வெச்சவன் தின்னுட்டுச் சாவான்னு சொல்லுவாங்கல்ல, அவிய வெக்கறது பனை. நீ வேணா அதுல நுங்கு வெட்டலாம். உனக்கு வயசு 23தானே?

எனக்கு ஒரே ஒரு ஆசை கண்ணு. செவ்வாய்ல சின்னக் குழிகளுக்கு லட்சம் சனத்துக்குக் கீழ இருக்கற ஊருகளோட பேரைத்தான் வெப்பாங்களாமே? 2024ல உத்தரப்பிரதேசத்து முர்சானுக்கும் பீகார்ல ஹில்சாவுக்கும் கெடைச்சுதுன்னு படிச்சே. நம்மூரு சனத்தொகைக்கு நாம மொத வரிசைல நிக்கோணும். மனுக் குடுத்தாப் பத்தாது, அந்தக் குழியைப் பத்தி ஆராய்ச்சி பண்றவிய, பேரில்லாமக் கட்டுரை எழுத முடியலைன்னு கேக்கோணுமாம். அப்ப அது உன்ற வேலை. குழி பெருசா இருக்கோணும்னு இல்லை. நம்ம ஊருச் சாலைல இல்லாத குழியா?

அட அட, எங்க எந்திரிக்கறே? சுத்தியலைக் கீழ வெய்யி. போனை வெய்யின்னா கல்லு மேல கை வெக்கறே. அந்தக் குமி என்றது. ஒரு துண்டு போதும்னா? நாசாக்காரன் அப்பல்லோ கல்லைக் கேட்டவன் கைலயெல்லாம் அள்ளிக் குடுக்கறானா? எதுக்குன்னு எழுதிக் கேக்கோணும், கடனாத்தான் தருவான், வேலை முடிஞ்சா மிச்சத்தைத் திருப்பிக் குடுத்துறோணும். இங்கயும் அதே சட்டம்தான். டெக்சாசுல மார்ச்சு மாசம் நடக்கற கான்பரன்சுக்கு ரெண்டே பக்கம்தான் எழுதோணும்னு பொலம்பிக்கிட்டிருந்தியே, எனக்கும் ரெண்டு பக்கம் போதும், கண்ணு தெரியறதில்லை. பேரு போடாதே. பேத்தின்னு பாத்துக் குடுத்துட்டேன்னு உன்ற மாமன் புள்ளைக சண்டைக்கு வரும். கெடு தேதி கெடையாது, ஆனா நாலு மணிக்கு நான் மாட்டுக்குத் தண்ணி காட்டப் போயிருவேன். முடிவு சொல்ல ஆறு மாசம் ஆகும். அதுவரைக்கும் அந்தப் போசியை எடுத்துக்கிட்டு உள்ள போயி, ரெண்டு உப்புக்கல்லுப் போட்டு மோர் கொண்டா.